நாச்சாள் ருசி பார்த்த பிறகு

கிள்ளானிலிருந்து பத்துமலைக்கு நடந்து போகிறவர்களுக்குக் கால்வலியைவிடப் பெரிய தொல்லை சோறுதான். கால்வலிக்குத் தைலம் இருக்கிறது. நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்துவிட்டுப் பாதி வழியில் ஒரு கிண்ணம் குழம்போடு கண்ணுக்குத் தெரியாத நெத்திலியையும் விழுங்கி வைத்தால், அதற்கு எந்தக் கடையில் போய் மருந்து கேட்பது?

இந்த ஊரில் சைவச் சாப்பாட்டுக்கா பஞ்சம் என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் பிரிக்பீல்ட்ஸைத் தாண்டி நடந்து பார்க்காதவர்கள். பிரிக்பீல்ட்ஸில் தடுக்கி விழுந்தால் வாழையிலை. ஷா ஆலத்துக்கும் சுபாங் ஜெயாவுக்கும் நடுவில், காலை நாலு மணியிலிருந்து நடந்த காலோடு ஒரு கடையில் ஏறி 'சாயூர்' என்று கேட்டுப் பாருங்கள். காய்கறிதான் வரும். கூடவே ஏதாவது ஒன்று சத்தமில்லாமல் வரும். கீரையில் சிப்பிச் சாஸ், மிளகாய்ச் சம்பலில் இறால் அரைத்த பெலாச்சான், பருப்புத் தால்ச்சாவில் ஆட்டெலும்பு. "மீன் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். பொய் சொல்ல மாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை துண்டாகக் கிடந்தால்தான் மீன். பொடியாகிவிட்டால் அது உப்பு, மிளகு மாதிரி ஒரு சாமான்.

இதற்காகவே தம்புசாமியின் நடைக்குழுவில் நாச்சாள் இருந்தாள்.

தம்புசாமி மின்சார வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கிள்ளானில் கிளம்பி, ஞாயிறு காலை பத்துமலை சேருகிற அவருடைய குழுவில் இருபத்தாறு பேர். நாச்சாளுக்கு ஐம்பத்து நாலு வயது. கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் ஒரு புடவைக் கடையில் ரவிக்கைத் துணிப் பகுதி அவள் பொறுப்பு. கணவர் முத்துக்கருப்பன் தண்ணீர், பாய், மாற்றுத் துணி எல்லாவற்றையும் ஏற்றிய வேனை ஓட்டுவார். பக்கத்தில் நாச்சாள். கூட்டம் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு முன்பே கடையில் இறங்கி, இருக்கிற அத்தனை பதார்த்தத்திலும் ஒரு கரண்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் தின்பாள். கண்ணை மூடுவாள். பிறகு, "ம், சாப்பிடலாம்" என்பாள். இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுத்த கடைக்குப் போவாள்.

பதினோரு வருஷம் இப்படியே போனதில், அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வராமல் குழுவில் ஒருவர் கையும் தட்டுக்கு இறங்காது என்று ஆகிவிட்டது. முப்பது வருஷமாகச் சைவம் மட்டுமே சமைக்கிற பிரிக்பீல்ட்ஸ் கடையில்கூட இலையைப் போட்டுக்கொண்டு அவள் முகத்தையே பார்ப்பார்கள். ஒருதடவை வாழைப்பழத்தை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். "வாழைப்பழத்துல என்னத்த ஒளிச்சு வெக்கப் போறான்?" என்று திட்டிவிட்டு, அதையும் ஒரு கடி கடித்துத்தான் கொடுத்தாள்.

அவள் நாக்குக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அவளுடைய அப்பா துறைமுகத்துப் பக்கம் கருவாட்டு மொத்த வியாபாரம் செய்தவர். உறவுக்காரச் செட்டியார்கள் வட்டிக்கடை, நிலம் என்று இருக்க, இவர் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்ததில் குடும்பத்தில் கொஞ்சம் முணுமுணுப்பு உண்டு. நாச்சாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து நெத்திலியைத் தரம் பிரிப்பாள். முதல் தரம், இரண்டாம் தரம், கோழித் தீவனம். வாயில் ஒன்று போட்டால் எந்தக் கரையில் காய்ந்தது என்று சொல்லிவிடுவாள். அந்த நாக்கிடம் தேங்காய்ப்பால், மஞ்சள், வாசனைப் புல்லான சிரை என்று எத்தனை போர்வை போர்த்தினாலும் மீன் தப்பாது.

ஆனால் இந்த வேலைக்கு ஒரு விலை இருந்தது. பத்துக் கடையில் ருசி பார்த்தால் மூன்று கடையில் மீன் இருக்கும். அது முதலில் அவள் வாயில்தான் படும். ஆகவே விரதம் இருந்தும் அவள் பால்குடம் எடுத்ததில்லை. மற்றவர்கள் மஞ்சள் உடுத்திக் குடத்தோடு படியேற, அவள் துண்டுகள் திணித்த பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறுவாள். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. அவளே போட்டுக்கொண்டாள். நாக்கில் பட்டால் பட்டதுதான்.

தனக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் பரவாயில்லை. நாலு வருஷத்துக்கு முன் குழுவில் வருகிற ஹேமா என்கிற பாலர்பள்ளி ஆசிரியை, பெட்ரோல் நிலையத்தில் உருளைக்கிழங்கு என்று நம்பி ஒரு கறிபப்ஸ் வாங்கிக் கடித்தாள். உள்ளே கோழி. உடனே துப்பி, வாய் கொப்பளித்து, அழாத குறையாக நாச்சாளிடம் வந்து கேட்டாள். "நாக்குல பட்டா பட்டதுதான், ஹேமா" என்று நாச்சாள் சொல்லிவிட்டாள், துணி கிழிக்கிற வேகத்தில். ஹேமா அந்த வருஷம் குடம் எடுக்கவில்லை. அதன்பிறகு "வாங்கக்கா, போங்கக்கா" என்பதோடு சரி.

அதே வருஷக் கடைசியில் முத்துக்கருப்பனுக்கு நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். ஆறு மணி நேரம். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "முருகா, அவுகளைத் திருப்பிக் குடுத்துடு. நான் உனக்குப் பால்குடம் எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டாள். அவர் திரும்பி வந்துவிட்டார். நடக்கிறார், வேன் ஓட்டுகிறார், உப்புக் குறைவு என்று சமையலைக் குறை சொல்கிறார். குடம் மட்டும் பாக்கி. முதல் வருஷம் ருசி பார்க்க வேறு ஆள் இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. மூன்றாவது வருஷம் கேட்டுவிடலாமென்று தம்புசாமியிடம் வாய் திறந்து, தம்புசாமியின் கால்வீக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். முருகன் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை.

இந்த வருஷம் கேட்டே விட்டாள். தம்புசாமி ஒரு ஆளையும் பிடித்துவிட்டார். சதீஷ்குமார். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்து சுபாங் ஜெயாவில் கணினி வேலை பார்ப்பவன், இருபத்தெட்டு வயது.

"பரம்பரைச் சைவம், நாச்சா. முட்டைகூட தொட்டதில்லையாம். அவனைவிட யாரு நல்லா கண்டுபிடிப்பா?" என்றார் தம்புசாமி, பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவர் மாதிரி.

நாச்சாளுக்குச் சுருக்கென்றது. மீனையே தெரியாதவன் மீனை எப்படிக் கண்டுபிடிப்பான்? திருடனைப் பார்த்தே இராதவனிடம் அடையாளம் கேட்கிற கதைதான். வாய்வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. "அப்போ நீயே பாரும்மா" என்பார்கள். அவள் சொல்லவில்லை. "நல்லதுண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தச் சனிக்கிழமையே போய் ஒரு எவர்சில்வர் குடமும் மஞ்சள் புடவையும் வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினார்கள். பதினோரு வருஷத்தில் முதல்தடவையாக நாச்சாள் வேனில் ஏறாமல் வெறுங்காலோடு நடந்தாள். நெடுஞ்சாலையை ஒட்டிய பக்கச் சாலைகளில் லோரிகளின் புழுதியைக் குடித்துக்கொண்டு நடப்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஷா ஆலம் பூங்காவில் கொண்டுவந்த இட்லியைத் தின்றார்கள். பகல் சாப்பாட்டுக்குச் சுபாங் ஜெயாவில் வழக்கமான சீனர் சைவக் கடை. காளானில் ஆட்டுக்கறி செய்வார்கள். தம்புசாமி அதைப் பார்க்கவே மாட்டார். மற்றபடி பயமில்லாத இடம். ஆனால் சீனப் புத்தாண்டு அந்த வருஷம் தைப்பூசத்தோடு ஒட்டி வந்திருந்தது. கடை பதினைந்து நாள் அடைப்பு என்று கதவில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்ததை, வேனில் முன்னால் போயிருந்த சதீஷ்குமார் படம் எடுத்து அனுப்பினான்.

ஒரு மணி நேரம் கழித்து அவன் குரல் வந்தது. தம்புசாமி கைப்பேசியை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அண்ணே, வேற கடை புடிச்சுட்டேன். ஷாஹுல் ஹமீதுன்னு ஒருத்தர் நடத்துறார். நமக்குன்னு தனிச் சட்டியில செய்யச் சொல்லிட்டேன். எல்லாம் சாப்பிட்டுப் பார்த்தாச்சு. தேங்காய்ப்பால்ல முட்டைக்கோஸ் ஒண்ணு வெச்சிருக்காங்க பாருங்க, வேற லெவல். ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். எங்க வீட்டுல முட்டைக்கோஸ் இப்படி இருந்ததே இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நாச்சாள் சிரிக்கவில்லை. முட்டைக்கோஸை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அது பாவப்பட்ட காய். யாரையும் இரண்டாம் தடவை கேட்க வைக்கிற சாமர்த்தியம் அதற்குக் கிடையாது.

அங்கிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர். அந்த இரண்டு கிலோமீட்டரும் தன்னோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். ஒருவேளை நல்ல தேங்காயாக இருக்கலாம். ஒருவேளை பையனுக்கு நல்ல பசியாக இருக்கலாம். தனிச் சட்டி என்றுதானே சொல்கிறான்.

கடை மூலைக்கடை. வெளியே வேனுக்குள் முத்துக்கருப்பன் இருக்கையைச் சாய்த்து வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே மேசைகளைச் சேர்த்துப் போட்டுத் தட்டுகள் வைத்தாயிற்று. சதீஷ்குமார் மாப்பிள்ளை வீட்டுக்காரன் போல ஓடியாடிப் பரிமாறினான். சோறு, பருப்பு, முட்டைக்கோஸ், ஒரு ஓரத்தில் சிவப்புச் சம்பல். கடைக்காரர் ஷாஹுல் ஹமீது துண்டால் கையைத் துடைத்தபடி வந்தார்.

"மீன் ஒண்ணும் இல்லீங்களே, பாய்?" என்று நாச்சாள் மெதுவாகக் கேட்டாள்.

"இல்லக்கா. தம்பி முதல்லயே சொல்லிட்டாரு. கறி இல்ல, மீன் இல்ல, முட்டை இல்ல. புதுச் சட்டி."

அவர் கண்ணில் பொய் இல்லை. முகர்ந்து பார்த்தாள். தேங்காய்ப்பாலும் சிரையும் சேர்ந்து மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டிருந்தன. எதிரே தம்புசாமிக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. சர்க்கரைக்காரர், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். அவர் பழக்க தோஷத்தில் நாச்சாளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நினைவு வந்து சதீஷ்குமாரைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். எல்லார் கையும் தட்டுக்கு இறங்கின.

வெறும் சந்தேகத்தில் எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் இத்தனை பேரும் பட்டினி. வேறு கடை தேடி முடிப்பதற்குள் தம்புசாமி கீழே விழுவார். சொல்லாமல் விட்டால், குடம் எடுக்க வந்திருக்கும் மற்றப் பதினெட்டுப் பேரின் விரதமும் அவள் ஒருத்தியின் ஆசைக்குப் பலி. எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்தாக வேண்டும். அது மூக்குக்குத் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே முத்துக்கருப்பனைப் பார்த்தாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. அந்த ஏற்ற இறக்கத்துக்காகத்தான் குடம்.

"ஒரு நிமிஷம், யாரும் வாயில வெக்காதீங்க" என்றாள்.

முட்டைக்கோஸை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். தேங்காய்ப்பால் முதலில் வந்தது, பிறகு மஞ்சள். அதற்கும் பின்னால், அப்பாவின் கடை முழுசாகத் திறந்துகொண்டது. நெத்திலி. வறுத்துப் பொடித்தது. இரண்டாம் தரம். துப்பிவிட்டு, கொப்பளித்துவிட்டு, பருப்பை எடுத்தாள். சுத்தம். சோறு, சுத்தம். சம்பலை நுனிவிரலால் தொட்டாள். பெலாச்சான்.

"கோஸை எடுத்துடுங்க. சம்பலும் வேணாம்." கோஸ் தட்டை ஒதுக்கி வைத்தாள். "பருப்பும் சோறும்... ம், சாப்பிடலாம்."

ஷாஹுல் ஹமீது சமையலறைக்குள் போய்விட்டுத் தொங்கிய முகத்தோடு வந்தார். சமைக்கிற அம்மா எல்லாக் குழம்புக்கும் ஒரு கரண்டி பொடி போடுவாராம். அதை மீன் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லையாம். "என் தப்புக்கா. நானும் இத்தனை வருஷமா அதைத்தான் திங்கிறேன், எனக்கே தெரியல" என்றவர், கல்லைக் கழுவிப் புதிதாக ரொட்டி சானாய் தட்டி, சர்க்கரையோடு கொண்டுவந்து வைத்தார்.

சதீஷ்குமார் வெளியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. நாச்சாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தப்பு உன்னுது இல்ல, தம்பி. மீனே தெரியாத உன்னை அனுப்பினா நீ என்ன பண்ணுவ? இது எனக்கு முதல்லயே தெரியும். குடம் எடுக்கணும்னு வாயை மூடிக்கிட்டேன். என்னை மன்னிச்சுக்க."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "அது இல்லக்கா. நல்லா இருந்துச்சு. அதுதான் கஷ்டமா இருக்கு" என்றான்.

நாச்சாளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். இரண்டையும் அடக்கிக்கொண்டு அவன் முதுகைத் தட்டினாள்.

சாயங்காலம் சுபாங் ஜெயாவில் தங்கின மண்டபத்தில் நாச்சாள் பாதத்துக் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். ஹேமா வந்து எதிரே உட்கார்ந்தாள். நாலு வருஷத்தில் அவளாக வந்து உட்காருவது இதுதான் முதல்தடவை.

"துப்பிட்டீங்க. கொப்பளிச்சுட்டீங்க. எங்களுக்காகத்தானே வாயில வெச்சீங்க? குடத்தை எடுங்கக்கா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நீயும் அன்னைக்குத் துப்பினே. நீயும் கொப்பளிச்சே" என்றாள் நாச்சாள். "உனக்கு ஒரு நியாயம் சொல்லிட்டு எனக்கு ஒரு நியாயம் வெச்சுக்க முடியுமா? அன்னைக்கு நான் அவ்வளவு கறாரா பேசியிருக்கக் கூடாது. நீ எதுக்கு வேண்டிக்கிட்டேன்னுகூட கேக்கல. அதுக்கு என்னைத் திட்டிக்க."

"திட்டியாச்சு லா. நாலு வருஷமா."

"தெரியும்."

ஹேமா தைலப் புட்டியை வாங்கி, அவள் குதிகாலில் தேய்க்க ஆரம்பித்தாள். நாச்சாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வருத்தம் தாங்கவில்லை. நல்லது செய்துவிட்டோம் என்கிற நிம்மதி வரும் என்று பார்த்தாள். வரவில்லை. குடம் போச்சே என்றுதான் இருந்தது. பாய் விரிக்க வந்த முத்துக்கருப்பன் மட்டும் அவளைத் தேற்றப் பார்த்தார். "விடு நாச்சா. குடம் வரலேன்னு முருகன் என்னைத் திருப்பி வாங்கிக்கவா போறார்? யூஸ்ட் பொருளை யார் வாங்குவா?" அவள் அவர் கையில் ஓர் அடி வைத்தாள்.

மறுநாள் பெட்டாலிங் ஜெயாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அவளே வேனில் முன்னால் போனாள். சதீஷ்குமாரும் கூடவே ஏறிக்கொண்டான். அவன் வாயில் எதையும் வைக்கவில்லை. அவள் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு காலை பத்துமலை. ஆற்றில் குளித்து, மஞ்சள் உடுத்தி, பதினெட்டுப் பேர் குடத்தைத் தலையில் ஏற்றினார்கள். நாச்சாள் வாங்கின மஞ்சள் புடவை பைக்குள்ளேயே இருந்தது. பழைய பச்சைப் புடவையில், துண்டுப் பையோடு, எப்போதும்போல் கடைசி ஆளாக இருநூற்று எழுபத்திரண்டு படியும் ஏறினாள். சன்னிதியில், "இந்த வருஷமும் வெறுங்கையோட வந்திருக்கேன். ஏன்னு உனக்கே தெரியும்" என்று மட்டும் சொன்னாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அபிஷேகம் முடிந்து ஆளுக்குக் கொஞ்சம் பால் குடத்தில் திரும்பி வரும். கீழே இறங்கி வேன் பக்கத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிப் பகிர்ந்து குடிப்பது குழுவின் பழக்கம். அதற்கென்று ஒரு பெரிய ஜக் உண்டு. அதைக் கிள்ளான் வீட்டு மேசைமேல் வைத்துவிட்டு வந்திருந்தார் முத்துக்கருப்பன். வருஷத்துக்கு ஒரு சாமானை மறக்காவிட்டால் அவருக்கு யாத்திரை நிறையாது. வேனைக் குடைந்தவர் கடைசியில் நாச்சாளின் புதுக் குடத்தை எடுத்து நீட்டினார். அடியில் விலைச்சீட்டுகூட உரிக்கவில்லை.

ஹேமா முதலில் ஊற்றினாள். பிறகு தம்புசாமி. பிறகு ஒவ்வொருவராக. பதினெட்டுக் குடத்துப் பாலும் விழுந்ததில் குடம் கழுத்துவரை ஏறியது. பிடிக்க ஆள் வேண்டும் என்பதால் நாச்சாள்தான் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். நல்ல கனம். சதீஷ்குமார் அதிலிருந்து காகிதக் குவளைகளில் மொண்டு எல்லாருக்கும் கொடுத்தான்.

ஒருவரும் குடிக்கவில்லை. குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன?" என்றாள் நாச்சாள்.

"நீ இன்னும் ருசி பாக்கலையே" என்றார் தம்புசாமி.

"அண்ணே, இது சாமி பால்."

"இருக்கட்டுமே."

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் விளையாடவில்லை. ஹேமா ஒரு குவளையை அவள் வாயருகே நீட்டினாள். குடத்தை விடாமலே ஒரு வாய் குடித்தாள். வழக்கம்போல் கண்ணை மூடினாள். கொஞ்சம் திருநீறு, கொஞ்சம் கற்பூரப் புகை, எவர்சில்வரின் புது வாசம். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை காலியாக இல்லை.

இருபத்தைந்து பேரும் காத்திருந்தார்கள்.

"ம்" என்றாள் நாச்சாள். "சாப்பிடலாம்."